ஆமையும் ஆமியும்

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் "எங்கள் ஊர்" என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். அவள் ஊரைக் கண்டதில்லை. ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் பிறந்தவள். ஆனால் ஊரைப் பற்றி நிறையக் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கும் தன் அக்காவுடன் தொலைபேசியில் உரத்துக் கதைப்பாள். மகள் பக்கத்தில் பொம்மையோடு விளையாடிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வாள். ஆகவே அவள் ஒரு வீதியையும் இரண்டு பனை மரங்களையும் வரைந்தாள். வீதியின் நடுவே பெரிய பச்சை ஆமை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆமைக்கு முன்னால் சனம் கைகளை விரித்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டிருக்கிறார்.

"ஆமி வருது. எல்லாரும் ஓடுகினம்."

ரீச்சர் படத்தைச் சுருட்டி என் கையில் தந்தார். அவர் சிரித்தாரா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் டிராமில் மகள் என்னைக் கேட்டாள்.

"அப்பா, அது மெதுவாத்தானே வரும்? பிறகு ஏன் ஓடுறவை?"

மனைவிக்குச் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிள்ளையில் பிழையில்லை. இராணுவத்தை நாங்கள் ஆமி என்போம், அவள் அதை ஆமை என்று விளங்கிக்கொண்டாள். மழை வருது, மாடு வருது, ஆமி வருது. எங்கள் பேச்சில் மூன்றுக்கும் ஒரே வினைதான். ஆமி நிக்குது, ஆமி போயிட்டுது, ஆமி சுடுது. நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தவன். உயர்திணை, அஃறிணை என்று இலக்கணப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆமி எந்தத் திணை என்று அதில் இருக்கவில்லை. அதை நாங்கள் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துவிட்டோம்.

அந்தப் படத்தை மனைவி இன்னும் வைத்திருக்கிறாள். அதை வரைந்தவள் இப்போது ஜேர்மன் இராணுவத்தில் இருக்கிறாள். லித்துவேனியாவில் நிறுத்தப்பட்டிருக்கும் படைப்பிரிவில் வாகனம் திருத்துகிறாள். அங்கே போவதற்கு முன், தான் இருந்த முகாமில் நடந்த பிரியாவிடை நிகழ்வுக்கு எங்களை வரச் சொல்லிக் கேட்டாள். நான் வாழ்க்கையில் ஒரு இராணுவ முகாமுக்குள் என் விருப்பத்தில் நடந்து போனவன் அல்ல. போக முடியுமா என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

அவள் பள்ளிக்கூடம் முடித்து, கனரக வாகனங்கள் திருத்தும் பட்டறையில் அவுஸ்பில்டுங் செய்தாள். மூன்றரை வருடத் தொழிற்பயிற்சி. வீட்டுக்கு வந்தால் டீசல் மணக்கும். "ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை மேலிலை மணக்கிற மணமோ இது" என்று மனைவி சவர்க்காரத்தை நீட்டுவாள். பயிற்சி முடிந்து ஒரு வருடம் வேலை செய்தபின், ஒரு பின்னேரம் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"அம்மா, நான் வேலை மாறப் போறன். அதே வேலைதான். லொறி திருத்திறது."

"ஆற்றை லொறி?"

"அரசாங்கத்தின்ரை லொறி."

"குப்பை அள்ளுற லொறியோ?"

"இல்லை. கொஞ்சம் பாரமானது."

"எவ்வளவு பாரம்?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் புட்டைப் பார்த்தேன்.

"டயர் இல்லை. சங்கிலியிலை ஓடுறது," என்றாள்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமையோ?" என்று கேட்டாள்.

அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சண்டையும் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டை பிடிப்பதற்கு ஒருவர் அதிகம் கதைக்க வேண்டும். மனைவிதான் அந்த ஆள். அவள் இரண்டு நாள் மகளோடு கதைக்காமல் இருந்தாள், மூன்றாம் நாள் காலுறை போதுமா என்று கேட்டாள். நான் மகளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள இருவரும் எப்போதோ பழகிவிட்டார்கள்.

வெளியில் ஆராவது "மகள் என்ன செய்யிறா?" என்று கேட்டால் மனைவி "லொறி திருத்திறா" என்பாள். பொய் இல்லை.

நான் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் சங்கடப்பட்டேன். வெள்ளி பின்னேரம் எசன் ரயில் நிலையத்தில் சீருடைப் பிள்ளைகள் பெரிய பைகளோடு வீட்டுக்குப் போக நிற்பார்கள். கோப்பிக் கடையில் மற்றவர்களோடு வரிசையில் நிற்பார்கள். ஒருவரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். அவர்கள் ஏறும் பெட்டியை விட்டு அடுத்த பெட்டியில் ஏறுவேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்துகொண்டு, என் காலுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. இனி அந்தப் பைகளில் ஒன்று என் மகளுடையது.

லித்துவேனியாவுக்குப் போக விருப்பம் என்று தானாகப் பெயர் கொடுத்ததைச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சில வருடங்கள் அங்கேயே இருக்க வேண்டுமாம். மனைவி கேட்டாள்.

"உன்னை அனுப்பினவையோ, நீ கேட்டனியோ?"

"நான் கேட்டனான்."

"ஏன்?"

"அவை கேட்டவை அம்மா. அந்த நாட்டுக்காரர். தனிய நிக்கப் பயமா இருக்கு, வாங்கோ எண்டு கேட்டவை. கூப்பிட்டுப் போறதுக்கும் கூப்பிடாமல் போறதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே."

மனைவி மேசையில் இருந்த கோப்பைகளை அடுக்கினாள். பிறகு, "உன்ரை பெரியவன் என்ன சொன்னாலும் செய்ய வேணுமே?" என்றாள்.

"இல்லை. சட்டத்துக்குப் பிழையாச் சொன்னால் ஏலாது எண்டு சொல்லலாம். எங்கடை முறைப்பாட்டைக் கேக்கிறதுக்கெண்டே பாராளுமன்றத்திலை ஒரு ஆள் இருக்கு. நான் நேரா எழுதலாம்."

"அப்ப காலமை எழும்ப ஏலாது எண்டும் எழுதுவியோ?"

"அது ஏலாது அம்மா."

போகும்போதுதான் பிரியாவிடை நாளைப் பற்றிச் சொன்னாள். குடும்பங்கள் எல்லாம் வரும், சாப்பாடு இருக்கும், பிறகு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். வாசலில் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் வராட்டில் நான் கோபிக்க மாட்டன். எனக்கு விளங்கும். ஆனா வந்தால் எனக்குப் போறது லேசா இருக்கும்."

அவ்வளவுதான். அவள் போன பிறகு அந்த "லேசா" என் நெஞ்சில் பாரமாக இருந்தது.

நான் ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறேன். ஆசுபத்திரிகளின் கட்டில் விரிப்புகள் எங்களிடம் வரும். ஈர விரிப்பை இருவர் ஆளுக்கொரு மூலையில் பிடித்து, சூடான உருளைக்குள் நேராக விட வேண்டும். மற்றப் பக்கத்தால் அது காய்ந்து மடிந்து வரும். எனக்கு எதிர் மூலையைப் பல வருடங்களாகப் பிடிப்பவர் ஒரு லித்துவேனியாப் பெண். என் வயதுதான் இருக்கும். நாங்கள் கதைத்ததெல்லாம் காலை வணக்கம், இடைவேளை, வெக்கை, பின்னேர வணக்கம். அவரும் கதை குறைவு, நானும் குறைவு. அதனால்தான் எங்களை ஒரே இயந்திரத்தில் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை நானாகக் கதையைத் தொடங்கினேன். இருவரும் கதைப்பது உடைந்த ஜேர்மன். அதை நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"என் மகள் உங்கள் நாட்டுக்குப் போகிறாள்," என்றேன்.

"சுற்றுலாவா?"

"இல்லை. படையோடு."

அவர் தன் மூலையைக் கைவிட்டார். விரிப்பு கோணலாக உருளைக்குள் இழுபட்டு, சுருண்டு, இயந்திரம் மணியடித்து நின்றது. மேற்பார்வையாளர் தன் கண்ணாடி அறைக்குள் இருந்து இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். விரிப்பை வெளியே எடுக்கும்வரை நாங்கள் உருளை ஆறக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் நாங்கள் முதன்முதலாகக் கதைத்தோம்.

தன் நாட்டுச் சனம் எல்லோரையும் பெர்லினில் கொண்டுவந்து விட்டாலும் அங்கே வீடு மிஞ்சும் என்றார். ஒரு பக்கம் கடல். இரண்டு பக்கம் பயம்: முன்பு தங்களைப் பிடித்து ஆண்ட நாடும் அதன் கூட்டாளியும். அவருடைய தாய் எல்லைக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டினத்தில் தனியே இருக்கிறார். படுக்கைக்குக் கீழே ஒரு பையில் மருந்தும் கம்பளிச் சட்டையும் மெழுகுதிரியும் கட்டி வைத்திருக்கிறாராம்.

"எங்கள் அம்மாவும் அப்படி ஒரு பை வைத்திருந்தார்," என்றேன். "அதில் எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் விளக்கும் இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். பையைப் பற்றி அதற்கு மேல் ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை.

"உங்கள் ஆட்கள் ஆமியைக் கண்டால் பயப்படுவதில்லையா?" என்று கேட்டேன். ஆமி என்பதற்கு நான் ஜேர்மன் சொல்லைத்தான் சொன்னேன்.

"எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு சொல்," என்றார். "எங்களைப் பிடிக்க வந்ததற்கு ஆர்மியா என்று சொல்லுவோம். எங்களுடையதற்கு வேறு சொல்."

அந்த வேறு சொல்லைச் சொல்லிக் காட்டினார். நீளமான சொல். கார்யுவோ என்று தொடங்கும், மிச்சம் என் நாக்கில் நிற்காது. நான் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

"ஜேர்மன்காரரும் ஒரு காலத்தில் உங்களிடம் வந்தவர்கள்தானே?" என்றேன். கேட்டபின் ஏன் கேட்டேன் என்று இருந்தது.

"வந்தார்கள். அப்போது அவர்களும் ஆர்மியாதான். அதை நாங்கள் மறக்கவில்லை." அவர் விரிப்பின் மூலையை உதறினார். "இப்போது அம்மாவின் வீதியால் அவர்களின் லொறி போகிறது. என்ன சொல்லுகிறாய் என்று அம்மாவைக் கேட்டேன். யோசித்துவிட்டு மற்றச் சொல்லைச் சொன்னாள்."

எங்களுக்கு ஒரு சொல்தான் இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. உன் தமிழ் எவ்வளவு பழைய மொழி என்று நீ சொன்னாயே என்றார். அப்படி நான் எப்போது சொன்னேனோ தெரியவில்லை.

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை முகாமில் பிரியாவிடை இருப்பதையும் சொன்னேன். விடுமுறை கேட்டுவிட்டாயா என்றார். இல்லை என்றேன். எனக்கு அந்தக் கண்ணாடி அறையின் கதவைத் தட்டுவதென்றால் ஒரு வாரம் தேவைப்படும். அவர் உருளையை நிறுத்தினார், நேராக அறைக்குள் போனார், திரும்பி வந்தார். "வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. உன் மகளுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்," என்றார். இனி என்னால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, போகவில்லை என்று சொல்ல முடியாது.

மனைவி பிரியாவிடைக்கு, மீன் வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸ் செய்வதென்று முடிவெடுத்தாள். அதற்கு டின் மீன் வாங்க எசனில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒரு அண்ணை நின்றார். எங்களுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர். முதல் வருடங்களில் எங்களுடைய டெர்மின்களுக்கெல்லாம், அதாவது அலுவலகச் சந்திப்புகளுக்கெல்லாம், கூட வந்து மொழிபெயர்த்தவர். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் கூர்.

"தங்கச்சி, ஊருக்கே சமைக்கிற மாதிரி வாங்கிறீர். என்ன விசேஷம்?"

"மகளின்ரை காம்புக்குக் கொண்டு போறம் அண்ணை," என்று மனைவி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஆட்களுக்குக் காம்ப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நாங்கள் வந்திறங்கிய அகதி முகாம். அண்ணையும் அதைத்தான் நினைத்தார்.

"அட, அகதிக் காம்பிலையோ வேலை? நல்லது. நாங்கள் கிடந்த காம்பை மறக்கேலுமோ. எங்கை இருக்கு?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவி வராது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"அகதிக் காம்ப் இல்லை அண்ணை. ஆமிக் காம்ப். அவ ஜேர்மன் ஆமியிலை. லித்துவேனியாவுக்குப் போறா."

அண்ணை கையில் இருந்த மிளகாய்த்தூள் பைக்கற்றைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"ஆமியிலை," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாங்கள் எதுக்கு ஓடி வந்தனாங்கள்? ஆமிக்குப் பிள்ளை குடுக்கவோ?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை என்று அவரது கையைப் பார்த்தபோது தெரிந்தது. அது தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"என்ரை சின்னவனுக்கும் கேள்விக் கடிதம் வந்திருக்கு," என்றார் தணிந்த குரலில். "பதினெட்டு ஆனவையெல்லாருக்கும் வருதாம். படையிலை சேர விருப்பமோ எண்டு கேட்டு. மனிசி மூண்டு நாளாச் சமைக்கேல்லை."

"கேக்கினம்தானே அண்ணை," என்றாள் மனைவி. "விருப்பமோ எண்டு கேக்கினம். வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எழுதலாம். எங்களை ஆர் கேட்டது?"

"இண்டைக்குக் கேப்பினம். நாளைக்கு?"

"நாளைக்கு எண்டு வந்தால் பாப்பம். உங்கடை சின்னவன் காலமை பத்து மணிக்கு எழும்புறவன். அவனை வைச்சு அவையள் என்ன செய்யிறது?"

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராத மாதிரி இருமினார். மிளகாய்த்தூளைத் திரும்பவும் எடுத்தார். போகும்போது கதவடியில் நின்று, "பிள்ளையை உடுப்பு வடிவாப் போடச் சொல்லுங்கோ. அங்கை குளிர் கூட," என்றார். அதுவரைதான் அவரால் வர முடிந்தது. அது எனக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் வந்தவுடன் புறப்பட்டோம். எசனில் இருந்து கிழக்கே, பைன் மரங்களும் மணல் நிலமும் உள்ள ஒரு பகுதி. மனைவி மடியில் றோல்ஸ் பெட்டி. கார் முழுக்க மீனும் மிளகும் மணத்தது. வழியில் அவள் கதைத்துக்கொண்டே வந்தாள். மரங்கள் அடர்ந்து, கம்பிவேலி தொடங்கியதும் கதை நின்றது. நானும் அவளும் அந்த வேலியை ஒரே மாதிரித்தான் பார்த்திருப்போம்.

முகாம் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. சென்றியில், அந்தக் காவல் தடையில், துவக்கோடு இரண்டு இளைஞர்கள் ஒவ்வொரு காராகப் பார்த்து உள்ளே விட்டார்கள். வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் இருந்தபோது நான் காரின் முன்விளக்கை அணைத்தேன். உள்விளக்கைப் போட்டேன். நல்ல வெயில் எறித்துக்கொண்டிருந்தது. பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினேன். மற்றப் பக்கத்தால் மனைவியும் இறங்கிவிட்டாள். நாங்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவள் றோல்ஸ் பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தாள். நான் காரின் பின்கதவைத் திறந்து வைத்தேன். இருவரும் அடையாள அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீதியோரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்கத் தொடங்கினோம்.

ஊரில் அப்படித்தான். இரவென்றால், உள்ளே இருப்பது ஆர் என்று தெரிய, முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போட வேண்டும். சென்றி வந்தால் சைக்கிளால் இறங்கி உருட்ட வேண்டும். பஸ் என்றால் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து மற்றப் பக்கம் போக வேண்டும். வெறும் பஸ் பின்னால் வரும். பிறகு ஏறலாம். எத்தனை தரம் செய்திருப்போம். யோசித்துச் செய்கிற வேலை அல்ல அது.

பின்னால் நின்ற காரில் ஒருவர் மெதுவாக ஹோர்ன் அடித்தார். சென்றியில் நின்ற பையன் எங்களை நோக்கி வந்தான். முகத்தில் கவலை.

"கார் பழுதாகிவிட்டதா?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன்.

"உடம்புக்கு ஏதாவது?"

"இல்லை."

அவன் திறந்திருந்த பின்கதவைப் பார்த்தான். உள்விளக்கைப் பார்த்தான். மனைவி நீட்டிய றோல்ஸ் பெட்டியைப் பார்த்தான். "நீங்கள் காரிலேயே இருக்கலாம்," என்றான், மிகவும் மரியாதையாக. எனக்குக் காது சுட்டது. அட்டையை இன்னும் உயரத் தூக்கினேன்.

அவன் அதை வாங்கிப் படித்தான். அவன் முகம் மாறியது. எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர்தான் பின்பெயர். மகள் பிறந்தபோது பதிவில் என் பெயரே அவளுக்குக் குடும்பப் பெயராக விழுந்தது. படையில் எல்லோரையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பையன் தோளில் இருந்த வானொலியை அழுத்தி என் பெயரைச் சொன்னான். நீளமான பெயர். ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னான். இவ்வளவு வருடங்களில் சலவை ஆலையில் ஒருவரும் சொல்லாத மாதிரி.

ஆமியின் வானொலியில் என் பெயர். வேறொரு இடத்தில், வேறொரு காலத்தில் அதைக் கேட்டிருந்தால் நான் இங்கே இருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வானொலிக்குள் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. "வாறன்" என்று தமிழில் ஒரு குரல். மகளின் குரல்.

அவள் உள்ளே இருந்து ஓடி வந்தாள். நாங்கள் அவளைச் சீருடையில் அதற்கு முன் படத்தில்தான் பார்த்திருந்தோம். வீட்டுக்கு வரும்போது எங்களுக்காக எங்கோ மாற்றிக்கொண்டுதான் வருவாள். கிட்ட வந்து, காரையும் எங்களையும் கையிலிருந்த அட்டைகளையும் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் அழப்போகிற முகமாக இருந்தது.

"அப்பா, ஏன் இறங்கினீங்கள்? காரோடை உள்ளுக்கு வரலாம்."

"பழகிட்டுது," என்றேன்.

அவள் சென்றிப் பையனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான். பிறகு என்னிடம் கையை நீட்டினாள்.

"அப்ப கார்த் திறப்பைத் தாங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் நடந்து உள்ளுக்குப் போங்கோ. நான் காரைக் கொண்டு வாறன். அந்தப் பக்கம் ஏறலாம்."

அவள் அந்த பஸ்ஸில் ஒருநாளும் போனவள் அல்ல. ஆனால் பொம்மையோடு இருந்து கேட்டிருக்கிறாள்.

நாங்கள் நடந்தோம். தடையைத் தூக்கிப் பிடித்தார்கள். சென்றிப் பையன் எனக்கு அட்டையைத் திருப்பித் தந்தபோது மனைவி அவன் கையில் இரண்டு றோல்ஸ் வைத்தாள். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டான். வாசலுக்கு அப்பால் ஒரு மரத்தின் கீழ் நின்றோம். என் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் நான் உள்ளேதான் நின்றேன்.

எங்கள் பழைய கார் தடையைக் கடந்து மெதுவாக வந்தது. உள்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற இடத்தில் பச்சைச் சீருடை.

"ஆமி வாறா," என்றேன்.

என் வாயில் இருந்துதான் வந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். ஆமைப் படத்துக்குச் சிரித்த அதே சிரிப்பு. மகள் கண்ணாடியை இறக்கி, என்ன, என்ன என்று கேட்டாள். மனைவியால் சொல்ல முடியவில்லை. "கொப்பர் ஆமி வருது எண்டு சொல்லேல்லை, உன்னை ஆமி வாறா எண்டு சொன்னவர்," என்றாள் கடைசியில். எல்லா வீட்டிலும் எல்லா மகளுக்கும் சொல்கிற சொல்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வேறு ஆருக்கும் விளங்காது. மகளுக்கு விளங்கியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தாள்.

அன்றைய மிச்சம் சாதாரணமானது. பெரிய பாத்திரத்தில் பட்டாணிச் சூப் தந்தார்கள். மகளோடு வேலை செய்யும் பிள்ளைகள் வந்து கைகொடுத்து, றோல்ஸைத் தீர்த்தார்கள். ஒரு மேலதிகாரி பேசினார். சின்ன நாடுகள் தனியே விடப்படக் கூடாது என்ற மாதிரிச் சொன்னார். பேச்சு கொஞ்சம் நீளம். மகள் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றாள். காற்றுக்கு அவள் தொப்பி சாய்ந்தபோது, போய் நிமிர்த்திவிட வேண்டும் போல் இருந்தது. பிறகு தான் திருத்தும், சங்கிலியில் ஓடும் பச்சைக் கவச வாகனம் ஒன்றைக் காட்டினாள். மனைவி அதன் இரும்பு ஓட்டைத் தட்டிப் பார்த்து, "அந்த ஆமைப் படத்தை வடிவாத்தான் கீறியிருக்கிறாய்," என்றாள்.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. அவள் அங்கே நிற்கிற ஒவ்வொரு நாளும் செய்தியைப் பார்க்கிறேன். எதிர் மூலையைப் பிடிப்பவரும் பார்க்கிறார். எங்களுக்கு இப்போது கதைக்க விஷயம் இருக்கிறது. தன் தாயிடம் மகளின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தச் சின்னப் பட்டினத்துக்குப் போய் பீட்றூட் சூப் குடித்துவிட்டு வந்தாள். படுக்கைக்குக் கீழே இருந்த பையையும் கண்டாளாம். அப்பம்மா வைத்திருந்தது இப்படித்தானா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பிரியாவிடை நாளில் திரும்பி வரும்போது வாசலில் நான் காரை நிறுத்தவில்லை, இறங்கவும் இல்லை. அதே பையன்தான் நின்றான். கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். பக்கத்தில் பார்த்தேன். மனைவி தன் அடையாள அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள் வேலி முடிந்த பிறகு, அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு. "நீங்கள் திரும்பவும் உள்லைற்றைப் போட்டனீங்கள்."

போட்டிருந்தேன். எசன் வரும்வரை அது எரிந்துகொண்டே வந்தது.